பலகை அடிப்பதற்கு முன்

1875 செப்டம்பர் நடுவில், டெக்சாஸ் கரையிலிருந்த இண்டியனோலா துறைமுகத்தில் கூட்டம் அலைமோதியது. ஊரைக் காலி செய்திருக்க வேண்டிய நாட்களில் சுற்றுவட்டாரமே ஊருக்குள் வந்து குவிந்திருந்தது. காரணம் ஒரு கொலை வழக்கு. சட்டன், டெய்லர் என்ற இரண்டு தரப்புகள் பல ஆண்டுகளாக ஒன்றையொன்று சுட்டுச் சாய்த்துக்கொண்டிருந்தன. முந்தின ஆண்டு அதே ஊரில், கப்பலேறக் காத்திருந்த சட்டன் தரப்பு ஆட்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் பில் டெய்லர் விசாரிக்கப்படுகிறான் என்றால் சும்மாவா? விடுதிகளில் இடமில்லை. வானத்தைப் பார்க்க யாருக்கும் நேரமும் இல்லை.

15ஆம் தேதி காற்று வலுத்தது. மறுநாள் கடல் தெருவுக்குள் வந்துவிட்டது. சிறையில் கிடந்தால் மூழ்கிச் சாவார்கள் என்று கைதிகளை வெளியே கொண்டுவந்தார்கள். அந்தக் குழப்பத்தில் டெய்லர் தப்பி ஓடினான். சுமார் ஐந்தாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் 150இலிருந்து 300 பேர்வரை மாண்டார்கள் என்பது கணக்கு.

இண்டியனோலா சாதாரணக் குப்பம் அல்ல. ஜெர்மனியிலிருந்து வந்த குடியேறிகள் ஆயிரக்கணக்கில் கால் வைத்த கரை அது. அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சாமான் சுமக்க 1856இல் ஒட்டகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியதும் அங்கேதான். டெக்சாஸின் இரண்டாவது துறைமுகம் என்று பெயர் வாங்கியிருந்தது. முதலாவது, வடகிழக்கே ஒரு மணல் தீவின்மேல் இருந்த கால்வெஸ்டன்.

அந்தப் புயலைப் பற்றி முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தார் என்பதுதான் இந்த வரலாற்றில் சுவாரசியமான இடம். ஹவானாவின் பெலென் கல்லூரி வானாய்வுக் கூடத்தில் 1870இலிருந்து இயக்குநராக இருந்தவர் பெனிட்டோ வின்யெஸ் என்ற ஸ்பானிய இயேசு சபைப் பாதிரியார். புயல் கண்ணுக்குத் தெரிவதற்கு நாட்கணக்கில் முன்பே, மிக உயரத்தில் இறகு பரப்பினாற்போல் ஓடும் கீற்று மேகங்கள் எந்தத் திசையிலிருந்து விரிகின்றன என்று பார்த்து, புயலின் மையம் எங்கே இருக்கும் என்று கணிக்கப் பழகியிருந்தார். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஊர் ஊராகப் போய், காற்று எப்போது திரும்பியது, தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று மக்களிடம் கேட்டு எழுதிக்கொள்வார். 1875 செப்டம்பர் 11 அன்று ஹவானாப் பத்திரிகைகளில் அவருடைய எச்சரிக்கை அச்சானது. இரண்டு நாளில் கியூபாவின் தென்கரையைப் புயல் தாக்கியது. அதே புயல் மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து இண்டியனோலாவுக்குப் போயிற்று. ஹவானாவில் அச்சான எழுத்து அங்கே நீதிமன்றக் கூட்டத்தைக் கலைக்கவில்லை.



இண்டியனோலா பாதி மீண்டது. 1886 ஆகஸ்டில் இன்னொரு புயல் வந்தது. வானிலை அலுவலகக் கட்டடம் சரிந்தபோது அங்கிருந்த விளக்கு கவிழ்ந்து தீப்பிடித்தது. சுற்றிலும் வெள்ளம் நிற்க, கடைத்தெரு எரிந்து போனது. மிஞ்சியவர்கள் ஊரையே கைவிட்டார்கள்.

கால்வெஸ்டன் இதைப் பார்த்துப் பயந்தது. பிரமுகர்கள் கூடினார்கள், கடற்சுவர் எழுப்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தீவின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஒன்பது அடிகூட இல்லை. பிறகு சில மாதங்கள் போயின, சில கோடைகள் போயின. பருத்தி ஏற்றுமதி கொழித்தது. ஸ்ட்ராண்டு தெருவின் வங்கிகளை நியூயார்க்கின் வால் தெருவோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். 'எங்கள் ஊர் மூழ்கக்கூடியது' என்று துறைமுக வியாபாரி எவன் தானே விளம்பரம் செய்வான்?

அந்தத் தயக்கத்துக்கு விஞ்ஞான முத்திரை கிடைத்தது 1891 ஜூலையில். ஊரின் வானிலை அதிகாரி ஐசக் க்ளைன், முப்பது வயதைத் தொடாதவர், உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். மேற்கிந்தியப் புயல்கள் இயற்கையின் நியதிப்படி வடக்கே வளைந்து போய்விடும். டெக்சாஸ் கரைக்கு வந்த இரண்டும் தற்செயல். கால்வெஸ்டனுக்குப் பெரும் கேடு வரும் என்பது வெறும் பிரமை என்றார். தண்ணீர் ஏறினாலும் தீவுக்குப் பின்னாலுள்ள தாழ்ந்த நிலப்பரப்பு அதை வாங்கிக்கொள்ளுமாம். க்ளைன் சோம்பேறியோ ஏமாற்றுக்காரரோ இல்லை. உழைப்பாளி, மருத்துவமும் படித்தவர். ஆனால் ஊர் கேட்க விரும்பியதையே அவருடைய விஞ்ஞானமும் சொன்னது. இந்த மாதிரிப் பொருத்தம் வரும்போது யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, மாற்றிச் சொல்லக்கூடிய ஹவானாக்காரர்களின் வாயும் அடைக்கப்பட்டது. ஸ்பெயினோடு அமெரிக்கா நடத்திய 1898 போருக்குப் பின் கியூபா அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது. அமெரிக்க வானிலைத் துறை ஹவானாவில் தன் நிலையத்தை அமைத்தது. வின்யெஸ் 1893இல் இறந்துவிட்டார். அவர் இடத்தில் லொரென்சோ காங்கொய்ட்டே பாதிரியார் இருந்தார். கியூபர்கள் எதற்கெடுத்தாலும் புயல் புயல் என்று கத்தி மக்களை மிரட்டுகிறார்கள் என்பது வாஷிங்டனின் குறை. துறைத் தலைவர் வில்லிஸ் மூருக்குப் பீதி கிளப்புவதே பிடிக்காது. எச்சரிக்கை எதுவும் தலைமையகத்தின் அனுமதியோடுதான் போக வேண்டும். 1900 ஆகஸ்டு கடைசியில், அதாவது புயல் பருவத்தின் உச்சத்தில், கியூபர்களின் வானிலைச் செய்திகள் அரசுத் தந்திக் கம்பி வழியே போகக்கூடாது என்று தடை வந்தது.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. அது வடக்கே திரும்பி ஃபுளோரிடா வழியாக அட்லாண்டிக் கரையோரம் ஏறும் என்றது வாஷிங்டன். மேற்கே வளைகுடாவுக்குள் போகிறது, டெக்சாஸ் பக்கம், வலுவடையும் என்றார்கள் ஹவானாக்காரர்கள். அவர்கள் சொன்னதை டெக்சாஸ் கேட்க வழியில்லை.

வெள்ளிக்கிழமை, 7ஆம் தேதி, கால்வெஸ்டனில் லெவி கட்டடத்தின் உச்சியில் புயல் கொடி ஏறியது. சிவப்புத் துணி, நடுவே கறுப்புச் சதுரம், மேலே ஒரு வெள்ளை முக்கோணக் கொடி. நம் துறைமுகங்களில் ஏற்றும் எண் கூண்டுபோலத்தான் அதுவும். கப்பல்காரனுக்கு அர்த்தமாகும், மற்றவர்கள் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

சனிக்கிழமை காலை கடல் தெருக்களில் புகுந்தபோதும் ஊர் பதறவில்லை. வெள்ளம் அவர்களுக்குப் பழக்கம். வீடுகள் தூண்கள்மேல் நின்றன. தண்ணீர் வந்தால் கம்பளத்தைச் சுருட்டுவது, சாமான்களை மாடிக்கு ஏற்றுவது, குடிநீரை நிரப்பி வைப்பது, ஜன்னல் கதவுகளைத் தாழிடுவது என்று ஒரு வாடிக்கையே இருந்தது. குழந்தைகள் தெரு வெள்ளத்தில் விளையாடினார்கள். பெரியவர்கள் டிராமில் ஏறிக் கடற்கரைக்குப் போய், குளியல் மாளிகைகளை அலை ஒவ்வொன்றாக உடைப்பதை வேடிக்கை பார்த்தார்கள். ஊரில் அப்போது 37,789 பேர். தீவை நிலத்தோடு இணைத்தவை மூன்று ரயில் பாலங்களும் ஒரு வண்டிப் பாலமும். பகல் முடிவதற்குள் நான்கும் பயனற்றுப் போயின.

வடக்கிலிருந்து அடித்த காற்று, தீவுக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள உள்வளைகுடாவின் நீரைப் பின்பக்கமாக ஊருக்குள் தள்ளியது, முன்பக்கம் திறந்த கடல். தீவு இரண்டுக்கும் நடுவே. மாலையில் லெவி கட்டடத்தின் காற்றுமானி மணிக்கு 100 மைல் காட்டிவிட்டுப் பறந்து போனது. ஏழரை மணிவாக்கில் தண்ணீர் ஒரே மூச்சில் நாலடி ஏறியதாக க்ளைன் பின்னால் எழுதினார். ஆக மொத்தம் பதினைந்து அடிக்கு மேல்.

அப்போது வீடுகளுக்குள் நடந்ததுதான் உண்மையான ஆயத்தம்; எந்த அறிக்கையும் கற்றுக்கொடுக்காதது. கோடரியை எடுத்துத் தங்கள் வீட்டுத் தரையையே பிளந்தார்கள். வெள்ளம் கீழிருந்து முட்டினால் மரவீடு தூணை விட்டு மிதக்கத் தொடங்கும், மிதந்தால் உடைந்தது. தரையில் ஓட்டை போட்டுத் தண்ணீரை உள்ளே விட்டால் அதன் எடையே வீட்டைப் பிடித்து வைக்கும். கடலைத் தடுக்க முடியாதவன் அதை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தான். பல வீடுகள் இப்படித் தப்பின.

க்ளைனின் வீடு தப்பவில்லை. நல்ல உறுதியான கட்டடம், போதாததற்கு வானிலை அதிகாரியின் வீடு. நம்பிக்கையோடு அக்கம்பக்கத்தார் ஐம்பது பேர் அளவில் அங்கே கூடியிருந்தார்கள். கடலோரத்தில் கட்டைகள்மேல் ஓடிய டிராம் தண்டவாளத்தின் ஒரு நீளத் துண்டு அலையில் பிய்ந்து வந்து வீட்டை இடித்துத் தள்ளியது. பிழைத்தவர்கள் 18 பேர். கருவுற்றிருந்த க்ளைனின் மனைவி பிழைக்கவில்லை. அன்று காலை கடற்கரை நெடுக வண்டியில் போய் ஆயிரக்கணக்கானவர்களை எச்சரித்ததாக க்ளைன் எழுதியிருக்கிறார். பிற்கால ஆய்வாளர்கள் சிலர் அதை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள்.

கடற்கரையை ஒட்டியிருந்த புனித மேரி அநாதை இல்லத்தில் 93 குழந்தைகள், 10 கன்னியாஸ்திரிகள். துணி உலர்த்தும் கயிற்றை வெட்டி, குழந்தைகளைத் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டார்கள் கன்னியர்கள். மூன்று சிறுவர்கள் மட்டும் ஒரு மரத்தைப் பற்றிப் பிழைத்தார்கள். நகரத்துக்குள் உர்சுலின் கன்னியர் மடத்தில் சுமார் ஆயிரம் பேர் அடைக்கலம் புகுந்தார்கள். அந்த இரவில் அங்கே நான்கு குழந்தைகள் பிறந்தன. நீரிணைக்கு அப்பால் பொலிவர் முனையில் ஒரு ரயில் நகர முடியாமல் நின்றது. பத்துப் பேர் இறங்கி வெள்ளத்தில் நடந்து கலங்கரை விளக்கத்துக்குப் போனார்கள். அங்கே சுழல் படிக்கட்டில் ஒருவர்மேல் ஒருவராக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் உயிர் தங்கியது. ரயிலிலேயே இருந்த 85 பேர் செத்துப்போனார்கள்.

மொத்தச் சாவு ஆறாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம்வரை. வழக்கமாகச் சொல்வது எட்டாயிரம். அமெரிக்க மண்ணில் இயற்கை இத்தனை உயிரை ஒரே நாளில் அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை. பிணங்களைப் படகில் ஏற்றிக் கல்லைக் கட்டிக் கடலில் போட்டார்கள். அலை திருப்பிக் கொண்டுவந்தது. பிறகு வாரக்கணக்கில் எரித்தார்கள்.

இண்டியனோலாவைப் போல் ஓடிவிடுவதா, நிற்பதா? கால்வெஸ்டன் நின்றது. சுவருக்குத் திட்டம் தீட்ட மூன்று பொறியாளர்களை அழைத்தார்கள். அவர்களில் மூத்தவர் ஹென்றி ராபர்ட். கூட்டங்களில் தீர்மானம் முன்மொழிவது, வழிமொழிவது, திருத்தம் கொண்டுவருவது ஆகியவற்றுக்கு நடைமுறை விதிநூல் எழுதிய அதே ராபர்ட்தான். மனிதர்களை வரிசைப்படுத்தியவருக்குக் கடலை வரிசைப்படுத்தும் வேலை! 1902 அக்டோபரில் தொடங்கி 1904 ஜூலையில் முடிந்தது முதல் கட்டம். மூன்று மைலுக்கு மேல் நீளம், 17 அடி உயரம், அடியில் 16 அடி அகலம், உச்சியில் 5 அடி. கடல் பார்த்த முகம் உட்குழிந்து வளைந்திருக்கும். மோதும் அலை மேலேறி, திரும்பத் தன்மேலேயே விழும்.

சுவரைவிட வியப்பானது அதன் பின்னால் நடந்தது. சுவர் மட்டும் போதாது, ஊரையே உயர்த்த வேண்டும் என்றார்கள் பொறியாளர்கள். உயர்த்தினார்கள். 2,156 கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தி, அவற்றின் அடியில் மணல் குழம்பைப் பாய்ச்சினார்கள். ஊரின் நடுவே ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. தூர்வாரும் கப்பல்கள் துறைமுக வாயிலில் மணலையும் நீரையும் உறிஞ்சி வயிற்றில் நிரப்பிக்கொண்டு, அந்தக் கால்வாய் வழியே வீட்டுக் கொல்லைவரை வந்து குழாயில் கக்கின. நீர் வடிந்தால் மணல் தங்கும். புனித பேட்ரிக் தேவாலயம் 3,000 டன். 700 ஜாக்கிகள் வைத்து ஐந்தடி தூக்கினார்கள். தூக்கிய நாட்களிலும் உள்ளே திருப்பலி நிற்கவில்லை.

வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரன் பாடு. மணல் போடுவது மட்டும் பொதுப் பணத்தில். ஆறேழு ஆண்டுகள் ஊர் மக்கள் தெருவுக்கு மேலே, மரப்பலகைப் பாலங்களில் நடந்து கடைக்கும் பள்ளிக்கும் போய்வந்தார்கள். கீழே சேறு நாறியது. உப்பு மணல் மூடியதில் மரம், செடி, தோட்டம் எல்லாம் பட்டுப்போயின. வேலை 1911இல் முடிந்தது. ஊர்ப் பெண்கள் சங்கம் அமைத்து உப்புக்கு அசராத அரளியைத் தெருத்தெருவாக நட்டார்கள். 'அரளி நகரம்' என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

1915 ஆகஸ்டில், 1900ஐ ஒத்த வலுவுள்ள புயல் வந்து சுவரைச் சோதித்தது. அந்தப் புயலில் மொத்தம் 275 பேர் அளவில் இறந்தார்கள். ஆனால் சுவருக்குப் பின்னால் இருந்த ஊருக்குள் சாவு மிகச் சொற்பம். பொறியாளர்கள் வென்றுவிட்டார்கள். வியாபாரம் வேறு கதை. 1901இல் பியூமாண்ட் அருகே எண்ணெய் பீறிட்டது. 1914இல் ஹூஸ்டன் உள்நாட்டுக்குள்ளேயே கப்பல் கால்வாய் வெட்டிக்கொண்டது. புயல் எட்டாத துறைமுகம் பக்கத்திலேயே கிடைத்தபோது பருத்திக்காரர்கள் தீவை நம்பிக் காத்திருக்கவில்லை.

சுவர் இருக்கிறது என்ற தைரியம் வந்தபின் செய்தி மீண்டும் ஒருமுறை தடுக்கப்பட்டது. இம்முறை காரணம் போர். 1943 ஜூலையில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்குப் பயந்து வளைகுடாக் கப்பல்கள் வானொலியில் வாய் திறக்கவில்லை. வானிலைத் தகவலே ராணுவ ரகசியம். 27ஆம் தேதி பொலிவர் தீபகற்பத்தில் ஏறிய புயலைப் பற்றி மக்களுக்குப் போதுமான சொல் போகவில்லை. 19 பேர் இறந்தார்கள், விமான எரிபொருள் செய்த ஆலைகள் சேதமடைந்தன. அதே புயலுக்குள்தான் ஜோசப் டக்வொர்த் என்ற விமானப் பயிற்சி அதிகாரி, மேலிடத்தைக் கேட்காமல், ஏறக்குறைய ஒரு பந்தயத்துக்காக, ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தை ஓட்டிக்கொண்டு போய்ப் புயலின் கண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இறங்கியதும் வானிலை அதிகாரி ஒருவர் தானும் வருவேன் என்று நிற்க, அவரையும் ஏற்றிக்கொண்டு இரண்டாம் தடவை போனார். புயலை விமானத்தில் துரத்தும் வேலை அங்கிருந்து தொடங்குகிறது. கரையில் இருந்தவனுக்குச் சொல்லாமல் மறைத்த புயலைத்தான் மனிதன் முதன்முதலாக உள்ளே போய்ப் பார்த்தான் என்பது விசித்திரம்.

1961 செப்டம்பரில் கார்லா புயல் வந்தபோது நிலைமை தலைகீழ். டான் ராதர் என்ற ஹூஸ்டன் நிருபர் கால்வெஸ்டன் வானிலை அலுவலகத்திலிருந்து ரேடார் திரையை நேரடியாகத் தொலைக்காட்சியில் காட்டினார். வளைகுடாவின் வரைபடத்தை அதன்மேல் வைத்ததும், சுழலும் அந்த வெள்ளை எவ்வளவு பெரியது என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு உறைத்தது. கொடி சொல்லாததைப் படம் சொன்னது. லட்சக்கணக்கானவர்கள் கரையைவிட்டுக் கிளம்பினார்கள். பிரமாண்டமான புயல், சாவு ஐம்பதைத் தாண்டவில்லை.

கிளம்புவதிலும் சாவு உண்டு என்பதை 2005 காட்டியது. கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து ஒரு மாதம் ஆகவில்லை. ரீட்டா புயல் வருகிறது என்றதும் ஹூஸ்டன், கால்வெஸ்டன் பகுதியிலிருந்து 25 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சாலையில் இறங்கினார்கள். வெயில் கொளுத்தியது, பெட்ரோல் தீர்ந்தது, வண்டிகள் மணிக்கணக்கில் நகரவில்லை. முதியோர் இல்லத்திலிருந்து கிளம்பிய பேருந்து ஒன்று டல்லாஸ் அருகே தீப்பற்றி 23 பேர் இறந்தார்கள். புயலோ கிழக்கே லூசியானா எல்லைப் பக்கம் திரும்பிப் போனது. டெக்சாஸில் அதன் பெயரால் எழுதப்பட்ட சாவுகளில் பெரும்பகுதி சாலையில் நேர்ந்தது.

அந்த நினைவு மூன்று ஆண்டுகளில் தன் விலையைக் கேட்டது. 2008 செப்டம்பரில் ஐக் புயல் நெருங்கியபோது, ரீட்டாவின் நெரிசலை அனுபவித்த பலர் 'இனி நகர மாட்டோம்' என்று உட்கார்ந்துவிட்டார்கள். தீவுக்காரர்களில் ஐந்தில் இரண்டு பங்கு தங்கிவிட்டதாக அப்போது கணக்கிட்டார்கள். பீதி வேண்டாம் என்று ஒரு காலத்தில் வாயைக் கட்டிய அதே வானிலைத் துறையின் வாரிசுகள், கரையோரத்தில் ஓரிரு மாடி வீடுகளில் தங்குபவர்களுக்குச் சாவு நிச்சயம் என்று அறிக்கை விட்டார்கள். டெக்சாஸ் கரையில் ஓரிடத்தில், போகமாட்டேன் என்றவர்களிடம் காவல்துறை அதிகாரி மையெழுதுகோலை நீட்டி, சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கையில் எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு பிணத்தை அடையாளம் காண வேண்டுமே.

சுவர் முன்பக்கத்தைக் காத்தது. தண்ணீர் பின்பக்கமாக, உள்வளைகுடாவிலிருந்து ஊருக்குள் ஏறியது. 1891இல் க்ளைன் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் என்று சொன்ன பக்கம் அதுதான். சுவரே இல்லாத பொலிவர் தீபகற்பத்தில் கில்கிறிஸ்ட் என்ற ஊர் துடைத்தெடுக்கப்பட்டது. கடலோரத்தில் மஞ்சள் வீடு ஒன்று மட்டும் நின்றது. ரீட்டாவில் இடிந்ததை அதன் உரிமையாளர்கள் உயரமான தூண்கள்மேல் மறுபடி கட்டியிருந்தார்கள்.

ஐக்குக்குப் பிறகு கால்வெஸ்டனில் இருந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் மெரல், நெதர்லாந்தில் உள்ளதுபோல் உள்வளைகுடாவின் வாயிலேயே பெருங்கதவுகள் வைக்கலாம் என்றார். 'ஐக் அணை' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் ராணுவப் பொறியாளர்கள் ஆராய்ந்து, கதவுகளும் மணல்மேடுகளும் கால்வெஸ்டனைச் சுற்றி ஒரு வளையச் சுவருமாகத் திட்டத்தை விரித்தார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு அனுமதி கிடைத்தது. அப்போதைய மதிப்பீடு சுமார் 3,400 கோடி டாலர். அனுமதிச் சட்டத்தோடு பணம் வரவில்லை, அதைத் தனியாக ஒதுக்க வேண்டும். கதவுகள் உள்வளைகுடாவின் வாயைக் குறுக்கினால் உப்பும் நன்னீரும் கலக்கும் அளவு மாறி இறாலும் மீனும் என்னாகும் என்ற சண்டை ஒரு பக்கம். கட்டி முடிக்க எத்தனை ஆண்டு, அதற்குள் எத்தனை புயல் என்ற கணக்கு மறுபக்கம். பொலிவர்க்காரர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஐக் துடைத்த மணலிலேயே மறுபடி வீடு எழும்பியிருக்கிறது, தூண் மட்டும் முன்னைவிட உயரம்.